தேயிலைச் சாயமும் வெற்று நிலமும்

சிட்னியின் மேற்குப் புறத்தில், வென்ற்வேர்த்வில்லில், எமது உறவுப் பிள்ளைகள் நால்வர் சனி இரவுகளில் ஒரு மேசையைச் சுற்றிக் கூடுகிறார்கள். சீட்டும் இல்லை, கரமும் இல்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். இக்கட்டு வரும்போது பகடை உருளும். 1981 இல் அமெரிக்காவின் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கோல் ஒவ் கதுலு’ என்ற திகில் விளையாட்டு அது. பாத்திரங்களின் உயிர் போவதற்கு முன் புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். அதற்கும் புள்ளிக் கணக்கு உண்டு.

இந்த ஆட்டத்துக்கு வரைபடம் இல்லாமல் முடியாது. பெரும்பாலும் ஒரே இடத்துக்கு இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று ஆட்டக்காரர் கையில் கொடுக்கப்படுவது. மற்றது கதை நடத்துபவர் மறைத்து வைத்திருப்பது. முதலாவதில் வீடு, தெரு, நிலவறை. இரண்டாவதில் அந்த நிலவறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும்.

பிள்ளைகள் 1925 ஆம் ஆண்டுச் சிட்னியை வரைந்திருந்தார்கள். உருக்கு முனைப் பேனா, கறுப்பு மை. வரைந்து காய்ந்த பின் கடும் சாயத்தேநீரில் தாளை நனைத்து, இளஞ்சூட்டு அடுப்பில் உலர்த்தி, ஓரங்களை நெருப்புக்குச்சியால் கருக்கியிருந்தார்கள். ‘மாமா, பழசு மாதிரி இருக்கோ?’ என்று கேட்டார்கள். இருந்தது. சாயத்துக்கு உதவியது சிலோன் தேயிலை என்று சொல்லி நாம் சிரித்தோம். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. துறைமுகத்தின் குறுக்கே பாலம் முழுமையாக நின்றது. பாலத்தின் வேலை தொடங்கியது 1923 இல். திறக்கப்பட்டது 1932 இல். கடலில் ஒரு பூதமும் வாலை வளைத்துக் கிடந்தது. 1920களின் அரசாங்கப் படத்தில் பூதம் இராது. அது வரட்சியான தாள்: தெருப் பெயர், காணி எல்லை, ஆழ அளவு. அந்த வரட்சிதான் திகிலுக்கு உதவும் என்பது எம் கட்சி. பூதத்தை வரைந்துவிட்டால் பயப்பட என்ன மிச்சம்? சாயமும் கருகிய ஓரமும் தாளுக்கு வயதைக் கொடுக்கலாம். வரைந்தவன் எதை நம்பினான் என்பதை அவை சொல்லா.

நம்பிக்கையால் வரைந்த படத்துக்கு இந்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1830 இல் தோமஸ் மஸ்லன் என்பவர் வெளியிட்ட அவுஸ்திரேலியப் படத்தில், கண்டத்தின் நடுவே ஒரு பெருங்கடலும் அதிலிருந்து புறப்படும் பேராறும் இருக்கின்றன. இரண்டும் பொய். ஆனால் அந்தக் கடல் அவர் ஒருவரின் கனவு மட்டுமன்று. 1844 இல் அடிலெயிட்டிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்ட சார்ள்ஸ் ஸ்ரேட் ஒரு படகையும் கூடவே கொண்டுபோனார். வறண்ட மண்ணில் வண்டியேறிப் போன அந்தப் படகைவிடத் திகிலான காட்சியை எந்த ஆட்டம் தரும்?

விளையாட்டுக்கு மூலமான எச். பி. லவ்கிராவ்ட் இந்நாட்டுக்கு வந்ததே இல்லை. ஆயினும் 1928 இல் வந்த ‘கதுலுவின் அழைப்பு’ கதையில் டார்லிங் துறைமுகமும் ஹைட் பூங்காவின் நூதனசாலையும் உண்டு. 1936 இல் வெளியான ‘காலத்துக்கு அப்பாலிருந்து வந்த நிழல்’ மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்குப் போகிறது. புதையுண்ட நகரின் இடத்தை அவர் தென் அகலக்கோடு 22 பாகை 3 கலை 14 விகலை, கிழக்கு நெடுங்கோடு 125 பாகை 0 கலை 39 விகலை என்று குறிக்கிறார். ஒரு விகலை என்பது நிலத்தில் ஏறத்தாழ 30 மீற்றர். இந்தத் துல்லியம் அபாரமான உத்தி. வரைபடக்காரனின் குரலில் சொல்லப்படும் பொய்யை மறுக்க மனம் வராது. அங்கே வாழும் ஆதிக்குடிகளோ கதையில் பழங்கதை சொல்லி அஞ்சுவதற்கு மட்டுமே வருகிறார்கள். மற்றப்படி நிலம் வெறுமை. 1987 இல் வெளிவந்து 2018 இல் மீண்டும் விரிவாக வந்த ‘ரெறர் அவுஸ்திராலிஸ்’ என்ற ஆட்ட நூலுக்கும், இந்நாட்டை வைத்து ஆடும் எவருக்கும், கைக்கு வரும் சொத்து இந்த வெறுமைதான்.

அந்த நிலம் வெறுமையாக இருந்ததா? லவ்கிராவ்ட் எழுதுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, அதே பெருமணற் பாலைவனத்தின் ஊடாக, 1906-07 இல் அல்பிரட் கானிங் என்ற நில அளவையாளர் மாட்டுப் பாதை ஒன்றை அளந்தார். ஏறத்தாழ 1850 கிலோமீற்றர், ஐம்பதளவு கிணறுகள். தண்ணீர் எங்கே என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்நிலத்து மக்களைப் பிடித்துச் சங்கிலியிட்டு வழிகாட்ட வைத்தார். அவருடைய சமையற்காரரின் முறைப்பாட்டால் 1908 இல் அரச ஆணைக்குழு விசாரித்து, குற்றமில்லை என்று விட்டது. கானிங்கின் படம் அழகான படம். கிணறுகளுக்கு இலக்கம் உண்டு. சங்கிலிக்குக் குறியீடு இல்லை.

அதே பாதையை அந்நிலத்து ஓவியர்கள் தம் பாட்டில் வரைந்த படங்கள் 2010 இல் கன்பராவின் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டன. அவற்றில் நீர்நிலைகள்தான் பெரிது. மாட்டுப் பாதை அவற்றின் மேல் வந்துபோன ஒரு கோடு.

2017 இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லின்டல் றயனும் குழுவினரும் இன்னொரு படத்தை வெளியிட்டார்கள். குடியேற்ற எல்லைகளில் நடந்த படுகொலைகளைக் குறிக்கும் படம் அது. தற்காக்க வழியற்ற ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட இடங்களுக்கே அதில் புள்ளி. அந்தப் புள்ளிகள் வேண்டுமென்றே சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. துக்க இடங்களை யாரும் போய்ச் சிதைக்கக்கூடாது என்பதற்காக. இல்லாத நகருக்கு விகலைக் கணக்கு. நடந்த கொலைக்கு மதிப்போடு கூடிய மங்கல். வரைகலையில் இதைவிட நுட்பமான தீர்மானத்தை நாம் கண்டதில்லை.

எமக்கு இது உறைப்பதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் மெல்பேர்ணில் எம்மில் ஒருவரிடம், அகதி விசாரணையில், ஊரை வரைந்து காட்டச் சொன்னார்கள். கிணறு கோயிலளவுக்கு வந்துவிட்டது. காவலரண் இருந்த சந்தியை அவர் வரையவே இல்லை. தாளில் அந்த இடத்தில் விரல் அடையாளம் மட்டும் இருந்தது. அளவுத்திட்டம் என்னவென்று கேட்டார்களாம். அந்த ஊரில் கிணற்றடிக்குத்தான் எல்லாத் தூரமும் அளப்பது என்று அவர் சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டார்.

பிள்ளைகளின் அடுத்த கதை பாலைவனத்தில். கானிங்கின் கிணறுகளை இலக்கமிட்டு வரையலாமோ என்று கேட்டார்கள். வரையுங்கள் என்றோம், ஆனால் இரண்டு படமாக. ஆட்டக்காரர் கையில் கொடுப்பதில் கிணறுகள் மாத்திரம் இருக்கட்டும். கதை நடத்துபவரின் தாளில் சங்கிலியும் வரவேண்டும். மூத்தவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டாவது தாளுக்குச் சாயம் வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாள்.