யார் தைத்தது? யார் துவைத்தது? - ஒரு ராணுவ மேலங்கியை வாசித்தல்

தமிழில் ‘ஜாக்கெட்’ என்றால் நாம் சேலைக்கு அணிவது. ஆனால் பழைய ராணுவ உடைகளைச் சேகரிப்பவர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது போர்க்களத்துக்கென்று தைக்கப்பட்ட தடித்த மேலங்கியை. இப்போது நம் கல்லூரி மாணவிகளும் இணையத்தில் தேடி அதை வாங்குகிறார்கள். எது அசல், எது நகல், எப்படிப் பராமரிப்பது என்று சொல்லித்தரும் கையேடுகள் ஏராளம். அவற்றில் சிலவற்றைத் தொடர்ந்து படித்தேன். துணியைப் பற்றி அவை நிறையச் சொல்கின்றன. அந்தத் துணியைத் தொட்ட பெண்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

முதலில் கையேடுகள் கற்றுத்தரும் வாசிப்பை மதித்துவிடுவோம். அது நுட்பமானது, சுவடிப் பதிப்பாசிரியரின் வேலையை ஒத்தது. அமெரிக்க ராணுவத்தின் எம்-65 மேலங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1943, 1951 ஆண்டுகளின் மாதிரிகளுக்குப் பின் வந்தது இது. கழுத்துப்பட்டைக்குள் சுருட்டி வைத்த தலைமூடியும், மணிக்கட்டில் வெல்க்ரோவும் இதன் அடையாளங்கள். தொடக்ககாலத் தயாரிப்பில் தோள்பட்டி கிடையாது, ஜிப் அலுமினியம். பிறகு தோள்பட்டி வந்தது. அதற்கும் பிறகு ஜிப் பித்தளைக்கு மாறியது.

உறுதியான சான்று உள்ளே தைத்த லேபிளில் இருக்கிறது. அதில் ‘டிஎஸ்ஏ100’ என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் நிதியாண்டைக் குறிக்கும். ‘69’ என்றால் 1968 ஜூலை முதல் 1969 ஜூன் வரை. அன்றைய அமெரிக்க நிதியாண்டு அப்படித்தான். 1977இல் அந்தக் கொள்முதல் அமைப்பின் பெயர் மாறியது. அதன்பின் வந்தவற்றில் ‘டிஎல்ஏ’ என்றிருக்கும். லேபிளே இல்லாமலோ, எண்ணில்லாத வணிக லேபிளோடோ வந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி, கையேடுகள் வேகமாகக் கடந்துபோகும் இடம். அதே லேபிளில் இருப்பு எண் ஒன்று உண்டு. அதன் முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகை. 8405 என்றால் ஆண்களின் மேலாடை. 8410 என்றால் பெண்களின் மேலாடை. எம்-65இன் லேபிளிலோ ‘ஆணின் மேலங்கி’ என்று எழுத்திலேயே அச்சாகியிருக்கும். கிடங்கின் கணக்கேட்டிலேயே உடல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் தேடி விலைகொடுப்பது பெரும்பாலும் முதல் வகைக்கு. இன்று இந்த மேலங்கியை ‘இருபாலருக்குமானது’ என்று விற்கிறார்கள். ஆண் அளவில் வெட்டிய உடைக்குள் பெண் தன்னைப் பொருத்திக்கொள்வதைத்தான் சந்தை அப்படி அழைக்கிறது.

இது புதிதல்ல. 1942இல் அமெரிக்காவில் பெண்களுக்கான துணைப்படை உருவானபோது, அவர்களது சீருடைக்கான தொடக்ககால ஒப்பந்தங்கள் ஆண்களின் உடை தைத்துப் பழகிய நிறுவனங்களுக்குப் போயின. வந்துசேர்ந்த உடை இடுப்பிலும் மார்பிலும் பொருந்தவில்லை. அப்படையின் அதிகாரியாக இருந்த மேட்டி ட்ரெட்வெல் 1954இல் வெளியான தன் அதிகாரபூர்வ வரலாற்றில் இந்த உடைச் சிக்கலை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பொருந்தாத உடையில் குறை சொல்லப்படுவது உடைதான் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி முன் நிற்கும் எவளுக்கும் தெரியும், அப்போது குறையுள்ளதாக ஆவது அவள் உடல்.

ஓலைச்சுவடியின் முடிவில் சில சமயம் அதைப் பிரதி செய்தவரின் பெயரும் நாளும் இருக்கும். ராணுவ லேபிளில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, ஒப்பந்த எண் இருக்கிறது, தைத்தவளுக்கு இடமில்லை. ஆடைத் தொழிற்சாலைகளின் தையல் எந்திரங்களுக்கு முன்னால் அமர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பது எல்லோரும் அறிந்தது. 1865 பிப்ரவரியில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், சின்சினாட்டியில் ராணுவ உடை தைத்த பெண்கள் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். படைவீரர்களின் மனைவியர், விதவைகள், சகோதரிகள் அவர்கள். இடைத்தரகர்களான ஒப்பந்தக்காரர்கள் தரும் கூலியில் வாழமுடியவில்லை, அரசே எங்களுக்கு நேரடியாக வேலை கொடுக்கட்டும் என்பது கோரிக்கை. கணவன் அணிந்த சீருடையைத் தைத்து அவள் பட்டினி கிடந்தாள். தையலின் நேர்த்தியைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கும் கையேடு, அந்த நேர்த்திக்குக் கொடுத்த கூலியையும் கேட்டிருக்க வேண்டும்.

பராமரிப்புப் பகுதிக்கு வந்தால் குரல் மாறிவிடுகிறது. அதுவரை ஆய்வாளராகப் பேசியவர் திடீரென்று அம்மாவின் அறிவைப் பேசுகிறார், அம்மாவின் பெயரைச் சொல்லாமல். அறிவு என்னவோ சரியானதுதான்; உங்களுக்கும் உதவும். துவைக்கும் முன் லேபிளைப் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு சலவையிலும் அந்த மை மங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் உட்புற மூலையில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டுக் கையால் அலசுங்கள். ப்ளீச் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கம்பளிக் கோட்டை அடிக்கடி துவைக்கக் கூடாது. தூரிகையால் தூசி தட்டிக் காற்றாட விடவேண்டும். அதன் எடையை மெல்லிய கம்பி ஹேங்கர் தாங்காது, தோள் நீண்டுவிடும். அந்துப்பூச்சி அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளியைத்தான் முதலில் தேடும். ஆகவே சுத்தம் செய்தபிறகே பெட்டியில் வையுங்கள்.

இந்த வேலைக்கு நம் இலக்கியத்தில் பழைய சாட்சி உண்டு. புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார் ஒரு வீரனைப் பாடுகிறார். ஆனால் பாட்டு தொடங்குவது அவனிடமல்ல. களர்நிலத்தில் கிணறு தோண்டி, நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியிடம் தொடங்குகிறது. அவன் உடுத்திய வெள்ளாடைக்குப் பின்னால் அவள் உழைப்பு இருக்கிறது. அவளுக்கும் பெயர் தரப்படவில்லை; தொழிலாலும் சாதியாலும் மட்டுமே குறிக்கப்படுகிறாள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், வீரனின் ஆடையைப் பார்த்ததும் அதை வெளுத்தவளை நினைக்க ஒரு பெண் கவிக்குத் தோன்றியது. இன்றைய கையேடுகளுக்குத் தோன்றவில்லை.

எம்-65 மேலங்கி வியட்நாம் போரின் காலத்தது. அதன் மார்பில் பெயர்ப்பட்டை பிரிக்கப்பட்ட இடம் சற்று அடர்ந்த நிறத்தில், ஊசித்துளைகளோடு தெரியும். சேகரிப்பாளர்களுக்கு அது அசலுக்கான அடையாளம். எனக்கு அது அணிந்திருந்த ஒருவனின் சுவடு. வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெண்கள் எட்டுப் பேர், எல்லோரும் செவிலியர். அந்த உடையை எதிரே பார்த்து ஓடிய வியட்நாமியப் பெண்களின் பெயர்கள் அந்தச் சுவரில் இல்லை. ஈழத்தில் சோதனைச்சாவடிகளைக் கடந்து பள்ளிக்குப் போன ஒரு பெண்ணிடம் ராணுவப் பச்சை ஒரு நாகரிக நிறம் என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் பதில் சொல்லும்.

அணியாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பழையதை மீண்டும் உடுத்துவது புதிதாக ஒன்றை மலிவுக்கூலியில் தைக்கவைப்பதைவிட நல்லது. ஆழமான நான்கு பைகள் உள்ள உடை பெண்ணுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டைக் கண்டுபிடித்த பிறகு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் கோரிக்கை. லேபிளைப் படித்தபின் உள்தையலைத் திருப்பிப் பாருங்கள். நேராக ஓடிய கோடு எங்கே சற்று விலகி மறுபடி நேராகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே தைத்தவளின் கை இருக்கிறது.