தெய்வத்துக்கு எத்தனை அடி உயரம்?

யானை இல்லையென்றால் பூரமே இல்லை. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் யானை எழுந்தருளலுக்கு விதிமுறை வகுத்த நாள்முதல் கோயில் நிர்வகிக்கும் தேவஸ்வக்காரர்கள் வாயில் இதே பேச்சுத்தான். நீதிமன்றம் அப்படி என்ன கேட்டுவிட்டது? அணிவகுப்பில் இரண்டு யானைகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி, யானைக்கும் ஜனத்துக்கும் இடையே 8 மீட்டர், வாணவேடிக்கையிலிருந்து 100 மீட்டர். இதற்கே திருச்சூர்ப் பூரத்தை நடத்தும் திருவம்பாடி, பாறமேக்காவு தேவஸ்வங்கள் டெல்லிவரை போய் வழக்காடின. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளுக்குத் தடை கொடுத்ததும் ஆசாரம் பிழைத்தது என்று கொண்டாடினார்கள்.

அழகை நான் மறுக்கவில்லை. வடக்குந்நாதன் கோயிலின் தெற்குக் கோபுரத்துக்கு வெளியே பக்கத்துக்குப் பதினைந்தாக நெற்றிப்பட்டம் கட்டிய கொம்பன்கள் எதிரெதிரே நிற்க, அவற்றின் முதுகில் பட்டுக்குடைகள் போட்டி போட்டு நிறம் மாறும் குடமாற்றம் பார்க்க வேண்டிய காட்சிதான். 1922இல் நிலம்பூர் கோவிலகத்தார் குருவாயூரப்பனுக்குக் காணிக்கையாக நடையிருத்திய யானை கேசவன், 1976இல் ஏகாதசி நாளிலேயே இறந்தபோது ஊரே அழுதது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. கேரள அரசு முத்திரையில் சங்குக்கு இருபுறமும் நிற்பதும் யானைதான். இவ்வளவும் சரி.

என் சண்டை அந்த அன்போடுதான். 'ஆனைப்பிரேமி' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர் எதை நேசிக்கிறார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உயரத்தை. கோயில் திருவிழாவில் உற்சவமூர்த்தியின் பிரதிமையான திடம்பு, வந்திருப்பவற்றில் உயரமான யானைக்குப் போகிறது. அதற்காக ஊருக்கு ஊர், கமிட்டிக்குக் கமிட்டி போட்டி. யார் யானை தலையை அதிகம் தூக்கி நிற்கிறது என்று பார்க்கத் தலைப்பொக்கப் பந்தயங்கள் நடந்தன. அங்கே தாடைக்குக் கீழே பாகனின் கோல் செய்த வேலையைக் கூட்டம் பார்த்தும் பார்க்காமல் இருந்தது. பேர்பெற்ற கொம்பனின் ஒருநாள் வாடகை, அவர்கள் பாஷையில் ஏக்கம், லட்சங்களில் போகிறது. ஃபிளெக்ஸ் பேனரும் ரசிகர் மன்றமும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் பக்தி எங்கே உட்கார்ந்திருக்கிறது? சென்டிமீட்டருக்குத் தகுந்தபடி ஏறி இறங்குகிற விலையை ஈசுவர சேவை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

திடம்பை யானைதான் சுமக்க வேண்டும் என்று தெய்வம் கேட்டதாகவும் தெரியவில்லை. கண்ணூர், காசர்கோடு பக்கத்துக் கோயில்களில் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு தாளத்துக்கு அடிவைத்து ஆடுகிறார்கள். திடம்பு நிருத்தம் என்று பெயர். அதுவும் மலையாள மரபுதானே? 2023இல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் இயந்திர யானையை ஏற்றுக்கொண்டபோது பொம்மை என்று கேலி செய்தார்கள். எனக்கும் அந்த ரப்பர் காது பிடிக்கவில்லை. ஆனால் மர யானை வாகனத்தில் சாமி வீதியுலா வருவதைக் குறையாகக் கருதாத தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்தக் கேலி புரிவதில்லை. (நாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை இரண்டு பேரைக் கொன்றது.)

அன்பு என்று சொல்கிறவர்கள் யானையின் சுபாவத்தைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. காட்டில் பெண்யானைகளும் குட்டிகளும் கூட்டமாய்த் திரியும். வயதுவந்த ஆண் பெரும்பாலும் தனியன். பூரத்துக்கு வேண்டியதோ தந்தமுள்ள ஆண்கள் மட்டும். அதாவது, தானாக ஒருபோதும் தோளோடு தோள் ஒட்டி நிற்காத பதினைந்து ஆண்களைப் பிடித்து நிறுத்தி, காதருகே செண்டையும் கொம்பும் முழக்கி, கூப்பிடு தூரத்தில் வெடி வைக்கிறோம். அந்த 3 மீட்டர் இடைவெளி, சட்டம் படித்தவர்களின் கற்பனை இல்லை. 2025 பிப்ரவரியில் கொயிலாண்டி மணக்குளங்கரைக் கோயிலில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஒரு யானை இன்னொன்றைக் குத்தியது. அந்தக் களேபரத்தில் மூன்று உயிர் போயிற்று.

மதம் வரும் மாதங்களில் சங்கிலி. அது வடிந்ததும் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், பழைய கீழ்ப்படிதல் திரும்பும்வரை பலபேர் சேர்ந்து கோலால் அடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. கெட்டியழிக்கல் என்று பாகன்மாரே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆலவட்டம், வெண்சாமரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் பத்திரிகைகளின் பூரம் மலரில் இந்தச் சொல் மட்டும் அச்சேறுவதில்லை.

தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன் என்ற கொம்பனின் கதை எல்லாருக்கும் தெரியும். பீகாரிலிருந்து வந்தவன், ஒரு கண்ணில் பார்வையில்லை, பத்துப் பேருக்கு மேல் அவனிடம் உயிர்விட்டிருக்கிறார்கள். 2019இல் கலெக்டர் தடுத்தபோது உரிமையாளர் சங்கம் பூரத்துக்கு யானையே தரமாட்டோம் என்று மிரட்டியது. கடைசியில் ஒரு மணி நேர அனுமதி. தெற்குக் கோபுர வாசலைத் திறக்க அவன் வந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. பார்வை மங்கிய பிராணியை அந்த இரைச்சலுக்குள் நடத்திப்போவதற்குப் பெயர் அன்பா?

மலையாளிக்கு இதெல்லாம் தெரியாததும் இல்லை. திருவிழாவில் மதம்பிடித்த கொம்பன் தான் காட்டில் இருப்பதாக மயங்கி ஓடிக் குண்டடிபட்டுச் சாவதை வைலோப்பிள்ளி 'சஹ்யன்றெ மகன்' கவிதையில் 1944இலேயே எழுதிவிட்டார். ஆனை வைத்திருந்த பெருமையை 1951இல் பஷீர் தன் நாவலில் கிழித்துத் தொங்கவிட்டார். இரண்டையும் போற்றுகிற அதே சமூகம்தான் ஏக்கம் ஏலத்திலும் கைதூக்குகிறது.

பாரம்பரியம் தொடர வேண்டும் என்பவர்கள் ஒரு கணக்குக்குப் பதில் சொல்லட்டும். 2018 கணக்கெடுப்பில் கேரளத்தில் 521 நாட்டு யானைகள். இன்று நானூறுக்கும் கீழே. காட்டில் குழிவெட்டிப் பிடிப்பது நின்று பல பத்தாண்டுகள் ஆயிற்று. தறியில் கட்டிய ஆண்களிடையே குட்டி பிறக்க வழியில்லை. அப்படியானால் அடுத்த தலைமுறைக் கொம்பன் எங்கிருந்து வருவான்? 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் மத காரியத்துக்கும் பிற காரியத்துக்கும் வளர்ப்பு யானையைக் கைமாற்ற வாசல் திறந்து வைத்திருக்கிறது. வடகிழக்கிலிருந்து யானை கொண்டுவரும் ஆசை அதன்பின் மறுபடி துளிர்த்திருக்கிறது. அந்த வாசலை அடைக்கச் சொல்லும் முதல் மனு திருச்சூர் தேவஸ்வங்களிடமிருந்து போகட்டும். இருக்கும் யானைகள் 3 மீட்டர் தள்ளி நின்று முதுமையடையட்டும். அதுவரை யானைமேல் அன்பு என்கிற பேச்சை நான் ஏற்பதற்கில்லை.