பழைய மைக்கும் ஓசூர் இரும்புத்தூளும்

ஓசூரில் பழைய ரிப்பன் மைக் வாங்கி வைப்பவர் முதலில் பயப்பட வேண்டியது இரும்புத்தூளுக்கு. அந்த மைக்குக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியப் பட்டை மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் லேத்துக்கும் கிரைண்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை. சட்டையில் ஒட்டிவரும் பொடி அந்த இடுக்கில் போய் உட்கார்ந்தால் பட்டை உரசும், ஒலி கரகரக்கும். ஊதிச் சுத்தம் செய்யலாம் என்றால் பட்டையே கிழிந்துவிடும்.

இப்படிப்பட்ட சீக்காளிப் பொருளுக்கு ஏன் இத்தனை மவுசு? ஜாஸ் கிட்டார் விஷயத்தில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1925-இல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை இசைக்குழுக்கள் பெரிய கொம்புக் குழாய் முன் நின்று வாசித்தன. அந்தக் குழாய்க்குள் பாஞ்சோவின் சத்தம் ஏறியது, கிட்டாரின் மென்மை ஏறவில்லை. மைக் வந்த பிறகுதான் கிட்டார் கலைஞர் எட்டி லாங் போன்றவர்களின் விரல்கள் இசைத்தட்டில் துல்லியமாகக் கேட்டன. ஜாஸில் கிட்டார் தனிக்குரல் பெற்றதில் மைக்குக்குப் பாதிப் பங்கு என்பேன்.

மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டார் கூட்டத்துக்கு நடுவே கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் ஃப்ரெடி கிரீன் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் தாளம் பிடித்தது அந்த வகைக் கிட்டாரில்தான். அருகில் வைத்துக் கேட்டால் பிக் கம்பியில் படும் ‘டிக்’ முந்திக்கொண்டு வரும். இன்றைய மலிவான கண்டென்சர் மைக்குகள் பல அந்த ‘டிக்’கை இன்னும் தூக்கிக் காட்டுகின்றன. 1930-களின் தொடக்கத்தில் வந்த ஆர்.சி.ஏ. 44 போன்ற ரிப்பன் மைக் மேல் ஸ்வரங்களைச் சற்றே தணித்து, மரத்தின் ஒலியை முன்னே நிறுத்துகிறது. இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. அடுத்தடுத்துப் பதிந்து கேட்டால் யாருக்கும் தெரியும்.

பெங்களூரில் பிறந்து, கொல்கத்தாவில் வாழ்ந்து, 2016-இல் மறைந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோவுக்கு இந்தத் தலைவலி குறைவு. அவர் வாசித்தது மின்சார கிட்டார். ஸ்பீக்கர் முன் சாதாரண மைக் ஒன்றை வைத்தாலே போதும். வெறும் மரத்தையும் கம்பியையும் நம்புகிறவருக்குத்தான் சோதனை.

சோதனை என்றால் ஓசூரில் இரட்டிப்பு. ரிப்பன் மைக் தரும் மின் சமிக்ஞை மிகச் சொற்பம். மெல்ல வாசிக்கும் கிட்டாருக்கு ப்ரீஆம்பில் கெயினை ஏறக்குறைய உச்சிக்கே திருப்ப வேண்டும். திருப்பினால் ப்ரீஆம்பின் இரைச்சல், பக்கத்துப் பட்டறை கம்ப்ரசரின் அதிர்வு, நெடுஞ்சாலை லாரிகளின் உறுமல் எல்லாம் சேர்ந்து ஏறும். (மைக்கின் எண் 44, நெடுஞ்சாலையின் எண்ணும் 44. இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை.) கிட்டே வைத்தால் இந்த மைக்குக்கு அடிநாதம் தானாகவே பெருகும், எட்ட வைத்தால் லாரி கேட்கும்.

ஒரு வசதி உண்டு. ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தைச் சாலைக்குத் திருப்பினால் ஹாரன் ஒலி நன்றாகவே அடங்குகிறது. அடங்காதது உறுமல். அது தரை வழியாக ஸ்டாண்டில் ஏறிவிடும். என் மாடி அறையில் மைக்கை எப்படித் திருப்பியும் பயனில்லை. அடியில் பழைய டியூப் ரப்பரை மடித்து வைத்த பிறகுதான் கொஞ்சம் குறைந்தது.

பழைய வால்வு கண்டென்சர் மைக்குகளின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் வறண்ட காற்று, சென்னை ஈரத்தைவிட அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் 1949-இல் வந்த நாய்மன் யு47-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விஎஃப்14 வால்வு உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பழைய கேப்சூலின் பிவிசி சவ்வு காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். வால்வு மாற்றி, சவ்வு மாற்றி, மின்தேக்கி மாற்றிய பிறகு கையில் இருப்பது யாருடைய ஒலி? ஒரே மாடலில் இரண்டு மைக் வாங்கினாலும் இரண்டும் ஒரே மாதிரி கேட்காது. அந்த விலைக்கு இது நியாயமில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. எட்டி லாங் வாசித்த நாளில் அவர் முன் இருந்த மைக்குகள் புத்தம் புதுச் சரக்கு. பழைய தட்டுகளில் நம்மை மயக்குவதில் பெரும்பங்கு அறைக்கும், வாசிப்பவர் மைக்கிலிருந்து உட்கார்ந்த தூரத்துக்கும், ஒரே மூச்சில் வாசித்து முடித்த பழக்கத்துக்கும் உரியது. அவர்களின் முறையை விட்டுவிட்டு அவர்கள் சாமானின் வயதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ரிப்பன் என்ற வடிவம் அகௌஸ்டிக் ஜாஸ் கிட்டாருக்குப் பொருத்தம். அது பழையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1950-களில் பிபிசி வடிவமைத்த 4038 இன்றும் புதிதாகவே செய்யப்படுகிறது; அதைவிட மலிவான புது ரிப்பன்களும் கிடைக்கின்றன. மிச்சப் பணத்தில் கதவுக்கு ரப்பர் பட்டையும், சுவருக்குக் கனமான ஜமுக்காளமும் வாங்கலாம். பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், வேலை முடிந்ததும் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் சட்டையை மாற்றாமல் அறைக்குள் நுழைய வேண்டாம்.