திரையில் ஜின்னா: விமர்சனங்கள் தவறவிட்ட வழக்கு

1998இல் வெளிவந்த ‘ஜின்னா’ திரைப்படத்தைக் குறித்து எழுந்த சர்ச்சையில் பெரும்பகுதி படத்தைப் பற்றியதன்று, நடிகரைப் பற்றியதே. ஜமீல் தெஹ்லவி இயக்க, மானிடவியல் அறிஞர் அக்பர் எஸ். அஹ்மத் முன்னின்று உருவாக்கிய அப்படத்தில் முஹம்மது அலீ ஜின்னாவாகத் தோன்றியவர் கிறிஸ்டோபர் லீ. டிராகுலா வேடத்தால் பெயர்பெற்றவர் ஒரு தேசத்தின் தந்தையாக நடிப்பதா எனப் படப்பிடிப்பின்போதே பாகிஸ்தானியப் பத்திரிகைகள் சினந்தன. இந்தியரான சசி கபூர் நடித்ததும் குற்றமாயிற்று. லீயோ, தாம் ஏற்றவற்றுள் தலையாயது இவ்வேடமே என்று பிற்காலத்தில் பன்முறை கூறினார். படத்தைப் பார்த்த நாமும் அதை மறுக்கவில்லை.

1982இல் அட்டன்பரோவின் ‘காந்தி’ ஜின்னாவை இறுகிய முகமும் குளிர்ந்த உள்ளமும் உடையவராகக் காட்டியது. அதற்கு மறுமொழியாகவே அக்பர் அஹ்மத் இம்முயற்சியில் இறங்கினார். மறுமொழிக்கே உரிய குறை இதில் உண்டு. ஒருபக்கச் சித்திரத்தை மறுபக்கச் சித்திரத்தால் நேர்செய்ய முற்படுகிறது படம்.

நம் முன்னோரின் வரலாற்று மரபு இதனினும் கடினமான அளவுகோலைக் கொண்டது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் இமாம் தஹபீ, ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃபை மிகக் கடுமையாகச் சாடியவர். ஆயினும் ஹஜ்ஜாஜின் வீரத்தையும் சொல்வன்மையையும் குர்ஆனுக்கு அவர் காட்டிய கண்ணியத்தையும் எழுதத் தவறவில்லை. வெறுத்தவருக்கே இந்நீதி எனில், நேசிப்பவரின் குறைகளைக் கூறவும் அதே நேர்மை வேண்டுமல்லவா?

படத்தின் கற்பனைச் சட்டகம் விந்தையானது. மறுமை வாசலில் ஒரு கணினி பழுதடைய, ஜின்னாவின் ஏடு காணாமற்போகிறது. (கிராமன் காத்திபீன்கள் எழுதும் ஏடு அவ்வாறு தொலைவதில்லை என்பதைப் படக்குழுவினருக்கு எவரேனும் சொல்லியிருக்கலாம்.) வழிகாட்டியாக வரும் சசி கபூர் அவரைக் கடந்த காலத்தினூடே அழைத்துச் செல்கிறார். இறுதியில் ஒரு நீதிமன்றம். அங்கு குற்றம் சாட்டப்படுபவர் மவுண்ட்பேட்டன். வாதிடும் வழக்கறிஞர் ஜின்னா. பஞ்சாபின் குருதிக்கும் அவசரப் பிரிவினைக்கும் கடைசி வைசிராய் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்தாம், ஐயமில்லை. ஆனால் ஜின்னாவிடம் கேள்வி கேட்க உரிமையுள்ள ஒரு சாராரும் இருந்தனர்.

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வாழ்ந்த முஸ்லிம்கள் சுமார் மூன்றரைக் கோடி. லீகின் கொடியைத் தூக்கியவர்களும், அதை எதிர்த்து நின்ற மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ போன்றோரின் வழி நடந்தவர்களும் அத்தொகையில் அடங்குவர். பிரிவினையின் பழியை இரு சாராருமே சுமந்தனர். நடிகரின் பழைய வேடத்தை விசாரித்த விமர்சகர்கள் இம்மக்களை நினைக்கவில்லை. படத்தின் நீதிமன்றமும் அவர்களைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், இயக்கத்தை இரு நாடுகளுக்குமாக இரண்டாகப் பிரித்தது. அங்கிருந்து இந்தியப் பகுதியின் பொறுப்போடு சென்னைக்குத் திரும்பினார் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். 1948 மார்ச் 10 அன்று ராஜாஜி மண்டபத்தில் புதிய லீக் பிறந்தது. அவர் கராச்சியில் விடைபெற்ற காட்சிக்குப் படத்தில் இடமில்லை.