சுடுவதா, விடுவதா? – ஒரு கணினி விளையாட்டை முன்வைத்து

ராத்தாவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில் ஓர் இரவு என்னைக் கூப்பிட்டான். "மாமா, கொஞ்சம் வாங்க. இவனச் சுடுறதா, விடுறதா?" கொம்பியூட்டர் திரையில் ஒருவன் தலைகுனிந்து நின்றான்.

கணினி விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், பாத்திரமேற்று நடித்தலை ஒரு கற்பித்தல் முறையாகச் சொல்லித் தந்தார்கள். இன்னொருவரின் இடத்தில் நின்று முடிவெடுக்கும் பிள்ளை, பாடத்தில் வாசித்து அறியாததையும் அறிந்துகொள்கிறது என்பது அதன் அடிப்படை. இவ்வகை விளையாட்டிலும் கதையைப் பின்தொடர்பவனே கதைக்குள் முடிவெடுக்கிறான். ஆகவே கதையை அளக்கும் கோலால் இதையும் அளக்கலாம் என்பது என் எண்ணம்.

விளையாட்டின் பெயர் 'மாஸ் எபெக்ட் 2'. கனடாவின் பயோவெயார் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. விண்வெளியில் நடக்கும் கதை. ஷெப்பர்ட் என்ற தளபதியாக நாம் விளையாடுகிறோம். நமது தோழன் கேரஸ், ஒமேகா என்ற சட்டமற்ற இடத்தில் குண்டர் குழுக்களை எதிர்க்க ஒரு சிறு அணியைச் சேர்த்திருந்தான். அணியில் ஒருவனான சிடோனிஸ், பொய்யான வேலையொன்றைச் சொல்லி கேரஸை அப்புறப்படுத்திவிட்டு, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தான். பத்துப் பேர் செத்துப்போனார்கள். சிடோனிஸ் வேறு பெயரில் வாழும் இடம் தெரியவந்ததும், அவனைக் கொல்ல நமது உதவியைக் கேட்கிறான் கேரஸ்.

காட்சியின் அமைப்பே இங்கு முக்கியமானது. கேரஸ் தூரத்தில், உயரத்தில், துப்பாக்கியோடு காத்திருக்கிறான். நாம் சிடோனிஸோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். நாம் நிற்பது குண்டு வரும் பாதையில். விலகினால் அவன் சாவான். விலகாமல் நின்றால் அவன் பேசுவான். அவர்கள் தன்னைப் பிடித்துக் கொல்லப்போவதாக மிரட்டியதையும், செத்தவர்களின் முகங்கள் இரவில் வருவதையும், தின்னும் சோற்றில் ருசியில்லாமல் போனதையும் சொல்கிறான். கேரஸுக்கும் அது கேட்கிறது. போகச் சொல் என்கிறான்.

இந்தக் காட்சியை எழுதியவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நடுவில் நிற்பவன் செய்யக்கூடியது, ஒரு கேள்விக்கு நேரம் எடுத்துக் கொடுப்பதுதான். ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரழி) அவர்களின் சம்பவத்தை வாசகர்கள் அறிவார்கள். ஹிஜ்ரி 8இல், மக்காவை நோக்கிய பயணத்தைப் பற்றிக் குறைஷிகளுக்கு அவர் எழுதிய கடிதம் வழியில் பிடிபட்டது. உமர் (ரழி) அவர்கள் கழுத்தை வெட்ட அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ முதலில் காரணத்தைக் கேட்டார்கள். மக்காவில் பாதுகாப்பாரின்றி இருக்கும் தன் குடும்பத்துக்காகச் செய்ததாக அவர் சொன்னார். அவர் பத்ரில் நின்றவர் என்பதும் நினைவூட்டப்பட்டது. உமரின் கண்கள் கலங்கின. சீறாப்புராணம் மக்கா வெற்றிக்கு முன்னரே நின்றுவிடுவதால் உமறுப்புலவரின் வாக்கில் இக்காட்சி நமக்குக் கிடைக்கவில்லை. போர்க்களத்தைப் பாடுவதற்குப் 'படைப்போர்' என்று தனி இலக்கிய வகையே வைத்திருக்கும் நமக்கு இது ஓர் இழப்பென்றே நினைக்கிறேன்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹாதிபின் கடிதத்தால் ஓர் உயிரும் போகவில்லை. சிடோனிஸின் செயலால் பத்து உயிர் போயிருக்கிறது. நமது சட்டத்தில் கொலைக்குப் பழி கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் உரிமையுள்ளவர்கள் கொல்லப்பட்டவரின் வாரிசுகள். ஊர்த்தலைவரோ கூட்டாளியோ அவர்களுக்காக மன்னிக்க முடியாது. விளையாட்டிலே அந்தப் பத்துப் பேரின் பெண்சாதி பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியில் இடமில்லை. எவரையும் இழக்காத ஷெப்பர்ட்டின் கையில் முடிவு கொடுக்கப்படுகிறது. விட்டால் நீலப் புள்ளி, கொன்றால் சிவப்புப் புள்ளி. மருமகன் முதலில் விட்டான். பிறகு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப்போய் அவனைக் கொன்றும் பார்த்தான். "ரெண்டிலயும் கேரஸ் நம்மளோடதான் மாமா நிக்கிறார்" என்றான். ஆம், எதைத் தெரிந்தாலும் தோழனின் விசுவாசம் கிடைத்துவிடுகிறது. விலையில்லாத தெரிவு அது.

இதை நான் வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. 1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது. சாச்சாவை இரவில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டைக் காட்டிக்கொடுத்தவர், அவரோடு ஒன்றாக வட்டைக்குப் போய் வேளாண்மை செய்த கூட்டாளி. அவருடைய தம்பியைப் பிடித்துவைத்து மிரட்டினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். சாச்சா திரும்பவில்லை, மய்யித்தும் கிடைக்கவில்லை. சாச்சி இத்தா இருக்க வேண்டியவரா, காத்திருக்க வேண்டியவரா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தபோது அந்த மனிதர் வந்தார். கடல் அவரிடமிருந்தும் ஆட்களை எடுத்திருந்தது. வகுப்பறை வாசலில் நின்று மாப்புக் கேட்டார். எனக்கு அப்போது இளரத்தம். கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவரை அடிப்பதற்காகவா, சாச்சியைக் காப்பதற்காகவா நின்றேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. உள்ளேயிருந்து சாச்சி சொன்னார்: "மாப்பு என்னட்டக் கேக்காதீங்க. அவர எங்க கொண்டு போட்டாங்க எண்டு மட்டும் சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் யாரென்று அறிந்திருந்தார். இரண்டு பெயர்களைச் சொன்னார். அதற்குமேல் சாச்சி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லி, மடித்து வைத்துக்கொண்டார்.

சாச்சியின் அந்தக் கேள்விக்குத்தான் மருமகனின் விளையாட்டில் பொத்தான் இல்லை. கொல், விடு என்ற இரண்டும் காட்டிக்கொடுத்தவனைப் பற்றியவை. அவனால் கெட்டுப்போனவர்களுக்கு அவன் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இரண்டும் கேட்பதில்லை. எப்படியாவது ஈடுசெய்வதாகச் சிடோனிஸ் சொல்கிறான். எதை, யாருக்கு என்று நாம் கேட்க முடியாது. காட்சி முடிந்துவிடுகிறது.

இந்தக் குறை அந்த விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. நமது போர்க்காலச் சிறுகதைகளில் நான் வாசித்த பலவற்றிலும் காட்டிக்கொடுத்தவன் ஒன்றில் சாகிறான், அல்லது அழுது திருந்துகிறான். இரண்டும் வாசகனுக்கு நிம்மதி தருகின்றன. வாசலுக்கு உள்ளே இருப்பவளின் குரல் கதைக்குள் வருவதேயில்லை. கனடாக்காரர்கள் எழுதிய கதையில் அது இல்லாததை மன்னிக்கலாம். அந்த வாசல்களில் நின்று வளர்ந்த நாம் அதை எழுதாமல் விடுவதற்கு என்ன காரணம் சொல்லப்போகிறோம்?

மருமகனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தத் தாள் இப்ப எங்க மாமா?" என்று கேட்டான்.

சாச்சியின் பெட்டகத்தில் இருக்கிறது.