குரலற்றோரின் குரல்

லெபனான் நாட்டின் தலைநகராகிய பெய்ரூத்தில், 1974-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் ‘அஸ்ஸஃபீர்’ என்னும் அரபு நாளேடு வெளிவந்தது. ‘தூதர்’ என்பது அச்சொல்லின் பொருள். ‘குரலற்றோரின் குரல்’ என்று அது தன் முகப்பில் பொறித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் நடந்து, 2016-ஆம் ஆண்டின் முடிவோடு அது நின்றது. பத்திரிகைகள் தோன்றுவதும் மறைவதும் உலகியற்கை. ஆயினும், இத்துணைப் பெரிய வாசகத்தைத் தாங்கிய ஏடு அதற்கேற்ப நடந்ததா என்று ஆராய்வது, பத்திரிகை படிப்போர் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

அதன் பத்திராதிபர் தலால் சல்மான், பால்பெக் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் 1938-இல் பிறந்தவர். செல்வக் குடியிற் பிறவாது, எழுத்தையே தொழிலாகக் கொண்டு உயர்ந்தவர். 1933 முதல் நடந்துவந்த ‘அந்நஹார்’ என்னும் நாளேடு அந்நாளில் பெய்ரூத்தில் பெருஞ்செல்வாக்குடன் விளங்கிற்று. அதற்கு எதிரே, பாலஸ்தீன மக்களின் உரிமையையும் அரபு மக்களின் ஒற்றுமையையும் எடுத்துரைக்கும் ஏடாக அஸ்ஸஃபீர் எழுந்தது.

பிறந்த மறு ஆண்டே நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1990 வரை அது ஓயவில்லை. 1982-இல் இஸ்ரேலியப் படை மேற்குப் பெய்ரூத்தை வாரக்கணக்கில் முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோதும் அஸ்ஸஃபீர் வெளிவந்துகொண்டேயிருந்தது. 1984-இல் பத்திராதிபரையே அவர் வீட்டு வாயிலில் சுட்டனர். அவர் காயமுற்றுப் பிழைத்தார். பின்னரும் பேனாவைக் கீழே வைத்தாரிலர். அஞ்சாமை என்னும் குணத்தில் இவ்வேட்டுக்குக் குறை கூற எவராலும் இயலாது.

அதன் பக்கங்களில் யாம் பெரிதும் போற்றுவன நாஜி அல்-அலீயின் சித்திரங்களே. பாலஸ்தீனச் சிற்றூரில் பிறந்து, லெபனானில் அகதி முகாமில் வளர்ந்தவர் அவர். அவர் வரைந்த ‘ஹன்தலா’ என்னும் சிறுவன் வெறுங்காலோடு, கைகளைப் பின்னே கோத்து, நமக்கு முதுகு காட்டி நிற்பான். பாலைநிலத்துக் கசப்புக்காய் ஒன்றின் பெயரே அவன் பெயர். வயது பத்து, சொந்த ஊர் திரும்பும்வரை அவன் வளரமாட்டான் என்றார் ஓவியர். எழுத்தறியாதவனும் அச்சித்திரத்தைக் கண்டு பொருள் உணர்வான். தம்மவர் தலைவர்களையும் அரபு மன்னர்களையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. 1987-இல் இலண்டன் தெருவில் சுடப்பட்டு அவர் மாண்டார். குரலற்றோரின் குரல் என்னும் வாசகம் எங்கேனும் முழுமையாக மெய்ப்பட்டதெனின், அது அச்சித்திரங்களில்தான்.

நிற்க. குறைகளையும் கூறுதல் நம் கடமை. ஏடு தொடங்கிய காலத்தில் லிபிய அரசின் பொருளுதவி அதற்குக் கிடைத்ததென்பது பலரும் எழுதியுள்ள செய்தி. பின்னாளில் அது டமாஸ்கஸ் அரசின் பக்கம் சாய்ந்து நின்றது. 2011-இல் சிரியாவின் எளிய மக்கள் வீதிக்கு வந்தபோது, இவ்வேடு அவர்கள் குரலை உரத்து ஒலிக்கவில்லை என்று அதன் பழைய அன்பர் பலரே வருந்தினர். அந்நியன் இழைக்கும் கொடுமையைக் கண்டிக்க வீரம் வேண்டும். நண்பன் இழைக்கும் கொடுமையைக் கண்டிக்க அதனினும் பெரிய வீரம் வேண்டும். முன்னது அஸ்ஸஃபீருக்கு நிரம்ப இருந்தது, பின்னது குறைந்தது.

2016 மார்ச்சு மாதத்திலேயே மூடும் பேச்சு எழுந்தது. பத்திராதிபர் அதனைத் தள்ளிவைத்து ஆண்டிறுதிவரை நடத்திப் பார்த்தார். விளம்பர வருவாய் வற்றியது. வாசகர் இணையத்தின்பால் சென்றனர். அரசியல் காரணமாகப் பத்திரிகைகளுக்குப் பணம் வழங்கிவந்த அயல்நாட்டார் கையை இழுத்துக்கொண்டனர். இவை மூன்றும் மெய்யே. ஆயினும் மூன்றாவதை ஊன்றி நோக்குக. அப்பணம் வந்த நாளில், செய்தித்தாளுக்கு வாசகன் கொடுக்கும் காசு சிறிதாகத் தோன்றியது. அப்பணம் நின்ற நாளில், அச்சிறிய காசையன்றித் தாங்குவது வேறொன்றில்லை, அதுவோ போதவில்லை.

தலால் சல்மான் 2023-இல் காலமானார். அவர் நாட்டிய ஏட்டை யாம் இகழவில்லை. துப்பாக்கிக்கு அஞ்சாத ஏட்டை இகழ்வது தகாது. ஆனால் குண்டும் முற்றுகையும் கொல்லமாட்டாத ஒரு பத்திரிகை, கணக்குப் புத்தகத்தின்முன் வீழ்ந்ததென்பதை மறத்தலும் தகாது. எளியவர்க்காகப் பேசும் பத்திரிகையை எளியவரே தாங்குதல் வேண்டும். பிறர் பணத்தில் தன் குரல் ஒலிக்குமென்று நம்பியிருப்பவன், அக்குரல் தனக்கெதிரே திரும்பும் நாளில் யாரிடம் முறையிடுவான்? பத்திரிகையை இரவல் வாங்கிப் படித்துவிட்டு, அது நின்றபின் இரங்குவதால் யாது பயன்? எம்மொழிப் பத்திரிகையாயினும், வாசகன் செலுத்தும் சந்தாவே அதன் உயிர். அதன் நேர்மைக்குக் காவலும் அதுவே.