கொடி உறவும் வளர்ப்பு உறவும்

நற்றிணையின் 172ஆம் பாட்டை எடுத்துப் பேசுவோர் பலர், புன்னையை உடன்பிறந்தாளாக எண்ணிய பழந்தமிழர் பண்பினை வியந்துரைத்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அம்மரம் எவ்வாறு உடன்பிறந்தாள் ஆயிற்று என வினவுவோர் சிலரே.

அவ்வினாவை என்னுள் எழுப்பியவர், உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூரின் மூதாட்டி ஒருவர். பேரன் பிறந்த மகிழ்ச்சியில் கொல்லையில் மாங்கன்று நட முனைந்தவர், "கொடியை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொண்டார்கள், ஹஜ்ரத். வெறுங்குழியில் வைக்கும் கன்று பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டார். வீட்டிலேயே பேறு நிகழ்ந்த காலத்தில் நஞ்சுக்கொடியைக் கொல்லையில் புதைத்துப் பழகியவர் அவர். இன்றோ, 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பைக்குரிய பொருள்.

அவருடைய ஏக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. பசு ஈன்றால் அதன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, பால் வடியும் ஆலமரத்தில் கட்டுவது நம் நாட்டுப்புற வழக்கம். ஜாவாவில் நஞ்சுக்கொடியைக் குழந்தையின் இளைய உடன்பிறப்பென்றே கருதி, கழுவிப் பானையிலிட்டுப் புதைப்பர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அதனை மண்ணில் இட்டு, பல வேளைகளில் அவ்விடத்தே மரமும் நடுவர். அவர்கள் மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் 'வெனுவா' என்னும் ஒரே சொல்தான்.

அரபு மரபிலும் இதற்கு இணையான செய்தி ஒன்றுண்டு. ஆதம் (அலை) அவர்களைப் படைத்து எஞ்சிய மண்ணிலிருந்து உண்டானது பேரீச்சை. ஆகவே அது மனிதர்க்கு அத்தை முறை என்பர். பிறப்பில் எஞ்சிய பொருளே உறவுக்குச் சான்றாகிறது என்னும் கருத்தில் நஞ்சுக்கொடி வழக்கமும் இதுவும் ஒன்றே. ஆயினும் ஹதீஸ் கலை வல்லோர் இச்செய்தியை நபிமொழியாக ஏற்கவில்லை.

நற்றிணைப் பாட்டோ முற்றிலும் வேறு வழியிற் செல்கிறது. அங்கே கொடியும் இல்லை, எஞ்சிய மண்ணும் இல்லை. சிறுமியர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திப் பின் மறந்துபோன விதை, தானே முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்டது. அதன் பின்னரே, மகளினும் அது சிறந்ததென்றும் அவளுக்கு உடன்பிறந்தாள் என்றும் அன்னை கூறுகிறாள். மறதியில் தொடங்கிய ஒன்றைப் பேணுதல் உறவாக்கிவிட்டது. அவ்வுறவு மெய்யென்பதற்குப் பாட்டு தரும் சான்று, நாணம். அம்மர நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் தோழி. யார் முன்னிலையில் நம் நடத்தை தானே திருந்துகிறதோ, அவரன்றோ உறவினர்! வியப்போடு நிற்பவர்கள் தவறவிடுவது இவ்விடத்தைத்தான்.

புகாரியில் பதிவான பேரீச்சந்தண்டின் நிகழ்ச்சியும் இப்பாட்டின் பக்கமே நிற்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று உரையாற்றிவந்த தண்டு, மிம்பர் அமைந்த பின் பிரிவாற்றாது அழுதது. அண்ணலார் இறங்கிவந்து அதனை அமைதிப்படுத்தினார்கள். அங்கும் உறவைத் தந்தது உடன் வாழ்ந்த பழக்கமே.

நஞ்சுக்கொடியைக் கண்ணியமாகப் புதைத்தல் நன்றே; அது மனித உடலின் பகுதி. கிடைக்காதபோது கன்று அயலாகிவிடாது. மூதாட்டியிடம் புன்னையின் கதையைச் சொன்னேன். "அப்படியானால் தண்ணீரைப் பேரன் கையாலேயே ஊற்றவைக்க வேண்டும்" என்றார். உரையாசிரியர் எவரும் அப்பாட்டுக்கு இதனினும் தெளிவாகப் பொருள் கூறியதாக நான் கண்டதில்லை.